மருந்தா, மனிதரா? மனிதரே!

நடுவர் அவர்களே, எதிரணியினரே, பெரியோர்களே, வணக்கம். தோலில் அங்கங்கே நிறம் போய்விடும் வெண்புள்ளியோடு வாழ்பவருக்கு நம்பிக்கை தருவது மருந்தா, மனிதரா? மனிதரே என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் ஒரு கேள்வி கேட்டுக் கைதட்டல் வாங்கினார். "தோளில் கை போட்டால் தோல் நிறம் திரும்புமா?" அதற்குப் பதில் சொல்லாமல் நான் இறங்க மாட்டேன்.

எங்கள் அத்தைக்கு இரண்டு கைகளிலும் வெண்புள்ளி. ஒரு கல்யாணப் பந்தியில் ஆள் போதவில்லை என்று ரச வாளியைத் தூக்கினார். முதல் இலைக்காரர் அத்தையின் விரலைப் பார்த்தார். இலைமேல் கையை விரித்து, "வேண்டாம்" என்றார். பக்கத்து இலையும் வேண்டாம். அதற்கடுத்ததும் வேண்டாம். அய்யா, சுடச்சுட மிளகு ரசம்! ஒருவருக்கும் வேண்டாமாம்!

நடுவில் மாப்பிள்ளையின் அப்பத்தா. "தாயி, இங்க ஊத்து" என்றார். சாப்பிட்டார். "இன்னும் ஊத்து." மறுபடியும் சோற்றில் குழி பறித்து, "இதுலயும் ஊத்து." அப்புறம் இரண்டு கையையும் குவித்து நீட்டினார். "கையில ஊத்து தாயி!" அவர் உறிஞ்சிய சத்தம் பந்தி முழுக்கக் கேட்டது.

இதைக் கேளுங்கள். அந்த அப்பத்தாவுக்கு ரசமே பிடிக்காதாம்! அவருடைய பேத்திதான் பிறகு சொன்னாள். ரசம் பிடிக்காதவர் நான்கு முறை வாங்கினார் நடுவர் அவர்களே, நான்கு முறை! முதல் இலைக்காரர் மெல்லக் கையை எடுத்தார். "எனக்கும் கொஞ்சம்."

நிறம் திரும்பியதா? இல்லை. ஒரு புள்ளிகூட மாறவில்லை. ஆனால் அடுத்த பந்திக்குப் பாயச வாளியை அத்தையே கேட்டு வாங்கினார்.

மருந்தை நான் பழிக்கவில்லை. நம் உடலின் எதிர்ப்புச் சக்தியே நிறமி அணுக்களைத் தாக்குவதால் வருவது இது. தொட்டால் ஒட்டாது. புறஊதா ஒளிச் சிகிச்சை இருக்கிறது. 2022-ல் அமெரிக்காவில் இதற்கென ரக்சோலிடினிப் என்ற களிம்புக்கு அனுமதியும் கிடைத்தது. நல்லதுதான். ஆனால் முகத்தில் திரும்புகிற அளவுக்கு விரல் நுனியில் நிறம் திரும்புவதில்லை. நிறம் வந்தால்தான் நம்பிக்கை என்றால், அதுவரை அந்த விரல்கள் எங்கே ஒளிந்துகொள்வது?

பாடகர் மைக்கேல் ஜாக்சனுக்கும் வெண்புள்ளிதான். அவரிடம் இல்லாத பணமா? அவரே 1993-ல் தொலைக்காட்சியில் உட்கார்ந்து, இது தோல் நோய் என்று உலகத்துக்கு விளக்க வேண்டியிருந்தது. அவர் மறைந்த ஜூன் 25-தான் உலக வெண்புள்ளி நாள்.

இந்தக் கூட்டத்திலும் ஒரு பெண் இந்த வெயிலில் முழுக்கைச் சட்டையோடு கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கலாம். அம்மா, உன்னிடம்தான் பேசுகிறேன். இங்கே முன்வரிசையில் இடம் இருக்கிறது. எழுந்து வா, எங்களோடு உட்கார். தீர்ப்பு எப்படி வந்தாலும் பரவாயில்லை, நீ வந்தால் போதும்.

நன்றி, வணக்கம்.