கரும்பு விளையாத ஊரின் மிட்டாய்

நேயர்களுக்கு வணக்கம்.

கோவில்பட்டிக்காரர் ஒருவர் வெளியூருக்குப் போய் இறங்கினால், "கடலை மிட்டாய் வாங்கிட்டு வந்தீங்களா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். தீப்பெட்டித் தொழிலைப் பற்றிக் கேட்க மாட்டார்கள். ஊரே கொண்டாடும் ஹாக்கியைப் பற்றியும் கேட்க மாட்டார்கள். ஹாக்கிக்காரர்களுக்கு இதில் கொஞ்சம் வருத்தம் உண்டு.

எனக்கு ஒரு விஷயம் ரொம்ப நாளாக ஆச்சரியம். மிட்டாய்க்கு வெல்லம் வேண்டும். வெல்லத்துக்குக் கரும்பும், கரும்புக்குத் தண்ணீரும் வேண்டும். கோவில்பட்டி வட்டாரமோ மானாவாரிக் காடு. மழை பெய்தால் வெள்ளாமை, இல்லாவிட்டால் இல்லை. இப்படிப்பட்ட ஊர் ஓர் இனிப்புக்குப் பேர் வாங்கியிருக்கிறது.

இதற்கு முதல் காரணம் கடலைதான். நிலக்கடலை நம் நாட்டுப் பயிரே இல்லை. தென் அமெரிக்காவில் பிறந்து, ஐரோப்பியர்கள் கப்பல் ஓட்டத் தொடங்கிய பிறகு உலகம் சுற்றி இங்கே வந்தது. சங்கப் பாட்டு எதிலும் நீங்கள் நிலக்கடலையைப் பார்க்க முடியாது. ஆனால் வந்த இடத்தில் நன்றாக ஒட்டிக்கொண்டது. நெல்லைப் போலத் தண்ணீரில் நிற்கக் கேட்காது. பருவத்துக்கு ரெண்டு மழை கிடைத்தால் தாக்குப் பிடிக்கும்.

இனிப்புக்கு அந்தக் காலத்தில் கருப்பட்டி இருந்தது. பனைக்கும் வறட்சிக்கும் பகை கிடையாதே! கிராமத்துத் திருவிழாக்களில் கருப்பட்டிப் பாகில் கடலையைப் போட்டுச் செய்ததுதான் இதன் பழைய வடிவம். 1940-களில் கோவில்பட்டிக் கடைத்தெருவில் மளிகைக் கடை வைத்திருந்த பொன்னம்பல நாடார், கருப்பட்டிக்குப் பதிலாகக் கரும்பு வெல்லத்தில் செய்து விற்றார். இன்று நாம் தின்பது அந்த வழியில் வந்ததுதான். வெல்லம் தேனிப் பக்கத்திலிருந்து வருகிறது. பாகுக்குத் தண்ணீர் தாமிரபரணியிலிருந்து குழாயில் வருகிறது. மதுரையையும் திருநெல்வேலியையும் இணைக்கும் ரயில் பாதை ஊர் வழியாகவே போவதால், செய்த மிட்டாய் ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தது.

செய்முறை சுலபம் என்று நினைப்பவர்கள் ஒரு முறை வீட்டில் முயன்று பார்க்கலாம். காய்ந்த கடலையை உடைத்து, வறுத்து, தோலை நீக்கி, இரண்டாகப் பிளந்து, சொளகில் போட்டுப் புடைக்க வேண்டும். பொக்கும் சொத்தையும் இங்கேதான் கழிய வேண்டும். ஒரே ஒரு சொத்தைக் கடலை தப்பிப் போனால் போதும், முழு மிட்டாயும் கசந்துவிடும். அதுவும் எப்போதும் கடைசிக் கடியில்தான் வந்து மாட்டும்! ஈரத்தில் கிடந்து பூசணம் பிடித்த கடலை உடம்புக்கும் கேடு. அதனால் புடைக்கிற அம்மாவின் கண்ணும் கையும்தான் இந்தத் தொழிலுக்கு அஸ்திவாரம் என்பேன்.

அடுத்தது பாகு. ஒரு சொட்டை எடுத்துத் தண்ணீரில் விட்டால் கரையக் கூடாது, இழுபடவும் கூடாது. எடுத்து ஒடித்தால் 'டக்' என்று ஒடிய வேண்டும். பதம் கொஞ்சம் முந்தினால் மிட்டாய் பல்லில் ஒட்டும். பிந்தினால் வெல்லம் கருகிக் கசக்கும். பதம் வந்ததும் கடலையைக் கொட்டிக் கிளறி, சூடு ஆறுவதற்குள் பலகையில் பரப்பி உருட்டி, வெட்டிவிட வேண்டும். மேலே சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாகத் தேங்காய்த் துருவல். காற்றில் ஈரம் அதிகமானால் பாகு கசிந்து பிசுபிசுக்கும். அந்த வகையில் கரிசலின் காய்ந்த காற்று இந்தத் தொழிலுக்கு உதவிதான். தீக்குச்சிக்கும் அதே காற்றுதானே வேண்டும்!

பள்ளிக்கூட வாசலில் கண்ணாடி பாட்டிலில் அடுக்கியிருந்த கடலை மிட்டாயை நினைக்காதவர்கள் இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் பெரியவர்களில் குறைவாகத்தான் இருப்பார்கள். ஐந்து பைசா, பத்துப் பைசா காலம். ஒன்றை வாங்கி, சட்டைத் துணியைச் சுற்றிக் காக்காய்க் கடி கடித்து, மூன்று பேர் தின்போம். "அந்த ருசி இப்ப இல்லை" என்கிறார்கள். நான் பாதிதான் ஒப்புக்கொள்வேன். பசியோடு தின்றதில் பாதி ருசி. மீதிப் பாதியில் நியாயம் இருக்கிறது. கடலையைக் குறைத்துப் பாகைக் கூட்டி, கண்ணாடிச் சில்லு மாதிரி செய்து, பளபளவென்று உறை போட்டு விற்பதைக் கடலை மிட்டாய் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

2020-ல் கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கண்ட இடத்தில் செய்துவிட்டு இந்தப் பெயரை ஒட்ட இனிச் சட்டத்தில் இடமில்லை. அதற்கு மறு வருடம் அஞ்சல் துறையே தபாலில் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஏற்பாட்டைத் தொடங்கியது. வடக்கே வேலைக்குப் போயிருக்கும் பிள்ளைகளுக்கு இது பெரிய விஷயம்.

அடுத்த தடவை வாங்கும்போது உறையைப் பார்க்காதீர்கள். ஒரு துண்டை ஒடித்து, ஒடிந்த இடத்தைப் பாருங்கள். பாகு கண்ணுக்குத் தெரியாமல் கடலை மட்டுமே தெரிந்தால் தாராளமாக ஒரு கிலோ கேளுங்கள். வீட்டுக்கு வந்ததும் மூடி இறுக்கமான டப்பாவில் போட்டு வையுங்கள். மழைக்காலமாக இருந்தால், அன்றைக்கே தின்றுவிடுவது உத்தமம்.

நன்றி, வணக்கம்.