கூரைக்குக் கீழே மூன்றாவது அரங்கம்

நண்பர்களே, பழைய விளையாட்டு அரங்கத்தைப் பெரிதாக்கப் பக்கத்தில் நீட்டுவார்கள், அல்லது மாடி ஏற்றுவார்கள். அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் உள்ள ஓர் அரங்கத்தில் இரண்டுக்கும் வழியில்லை. 1962 உலகக் கண்காட்சிக்காகக் கட்டடக் கலைஞர் பால் திரி (Paul Thiry) வடிவமைத்த மண்டபம் அது. பிறகு கூடைப்பந்து அரங்கமானது. நான்கு பக்கமும் சரிந்து இறங்கும் அதன் கூரையை அந்த ஊரில் தெரியாதவர் இல்லை. 2017இல் மாநகரம் அதைப் பாதுகாக்க வேண்டிய சின்னமாக அறிவித்துவிட்டது.

சரி, இடிக்கக் கூடாது, இடமும் போதாது. என்ன செய்தார்கள்? ஏறத்தாழ 20,000 டன் எடையுள்ள கூரைக்குத் தற்காலிக இரும்புத் தூண்களை முட்டுக் கொடுத்து, அந்தரத்தில் நிற்க வைத்துக் கீழே தோண்டினார்கள். பரப்பளவு ஏறக்குறைய இரண்டு மடங்கானது. 2021 அக்டோபரில் 'கிளைமேட் பிளெட்ஜ் அரீனா' (காலநிலை உறுதிமொழி அரங்கம்) என்ற பெயரில் திறந்தார்கள். வெளியே நின்று பார்த்தால் பழைய கட்டடம்தான்.

கூரையில் விழும் மழைநீரைத் தொட்டியில் பிடித்து ஐஸ் ஹாக்கி தளத்துக்குப் பனிக்கட்டி ஆக்குகிறார்கள். சியாட்டிலில் மழைக்கா பஞ்சம்! பத்திரிகைகளுக்கு இது பிடித்துப்போனது. எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. அன்றாடப் பயன்பாட்டுக்கு எரிவாயு கிடையாது. சமையலறை உட்பட எல்லாம் மின்சாரம். அப்புறம், ஹாக்கி டிக்கெட் வைத்திருப்பவருக்குப் பொதுப் போக்குவரத்து இலவசம். ஆயிரக்கணக்கானோர் தனித்தனிக் காரில் வந்து இறங்கினால், அரங்கத்துக்குள் கரிப் புகையில் மிச்சம் பிடித்ததெல்லாம் சாலையிலேயே கரைந்துவிடும்.

ஆனால் முட்டுக் கொடுத்த இரும்பு, கீழே கொட்டிய புதுக் கான்கிரீட், லாரி லாரியாக வெளியேறிய மண், இதற்கெல்லாம் ஆன கரிப் புகையும் கணக்கில் சேர வேண்டும் அல்லவா? இன்னொன்றும் உண்டு. 1994-95இலும் இதே கூரையின் வடிவத்தை வைத்துக்கொண்டு உள்ளே முழுவதும் புதிதாகக் கட்டினார்கள். அந்த இருக்கை வரிசைகள் கால் நூற்றாண்டுதான் தாங்கின. அதாவது, தேய்ந்து போனதால் அல்ல, தேவை மாறியதால் உடைத்தார்கள். கூரையின் வடிவம் பிழைத்தது, அதற்குக் கீழே இருந்தது இரண்டு தடவை உடைபட்டது. கூரையைக் காப்பாற்றிய பொறியாளர்களின் திறமையில் எனக்குக் குறையே இல்லை. அடுத்த தடவை தேவை மாறும்போது கழற்றி மாற்றிப் பொருத்தும்படி உள்கட்டுமானத்தை வடிவமைத்திருக்கிறார்களா என்றுதான் கேட்கிறேன். பழைய அரங்கங்களைப் புதுப்பிக்கும் ஒப்பந்தங்களில் இதை ஒரு நிபந்தனையாகவே எழுத வேண்டும்.