தலை யாருடையது, செலவு யாருடையது?

"என் தலை, என் இஷ்டம்." ஹெல்மெட் என்று பேச்செடுத்தாலே முதலில் வரும் பதில் இது. இதைச் சிரித்து ஒதுக்கிவிடாதீர்கள், நண்பர்களே. 1969-ல் அமெரிக்காவின் இல்லினாய் மாநில உச்ச நீதிமன்றம் இந்த வாதத்தை ஏற்று ஹெல்மெட் சட்டத்தையே செல்லாது என்றது. மூன்றாண்டு கழித்து மாசசூசெட்ஸ் வழக்கில் கூட்டாட்சி நீதிமன்றம் நேரெதிராகச் சொன்னது. விழுந்தவரைச் சாலையிலிருந்து தூக்குவது யார்? ஆஸ்பத்திரியில் சேர்ப்பது யார்? வேலைக்குப் போக முடியாமல் போனால் உதவித்தொகை தருவது யார்? ஊர்தானே!

நம் மாநிலத்தில் 2021 டிசம்பரில் வந்த 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசு ஏற்கிறது. நல்ல திட்டம். ஆனால் தலைக்காயம் 48 மணி நேரத்தில் முடிகிற காரியமா? அறுவைச் சிகிச்சை, வென்டிலேட்டர், பிறகு மாதக்கணக்கில் பிசியோதெரபி. பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்ள வீட்டில் ஒருவர் வேலையை விடுகிறார். பெரும்பாலும் மனைவி அல்லது தாய். அவர் இழக்கும் கூலி எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

சரி, செலவுதான் பிரச்சினை என்றால் அவரவர் செலவை அவரவரே கட்டட்டுமே? அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம் 2012-ல் அதைத்தான் செய்தது: 21 வயது நிரம்பி, 20,000 டாலர் மருத்துவக் காப்பீடும் இருந்தால் ஹெல்மெட் வேண்டாம். கேட்க நியாயம்தான். ஆனால் அந்த நாட்டு மருத்துவக் கட்டணத்தில் மூளைக்காயத்துக்கு அந்தத் தொகை எந்த மூலைக்கு?

செலவை மட்டும் பிடித்துக்கொண்டு பேசினால் நாளை சர்க்கரை நோயாளியின் ஜிலேபிக்கும் அபராதம் போடலாம். ஆகவே எவ்வளவு சிறிய கட்டாயம், எவ்வளவு பெரிய பலன் என்று பார்க்க வேண்டும். பல ஆய்வுகளைத் தொகுத்த, காக்ரேன் என்ற சர்வதேச மருத்துவ ஆய்வு அமைப்பின் மதிப்பாய்வின்படி ஹெல்மெட் தலைக்காய அபாயத்தை ஏறத்தாழ 69 சதவீதமும், உயிரிழப்பு அபாயத்தை 42 சதவீதமும் குறைக்கிறது.

இந்தப் பலன் தலையில் ஏதோ ஒன்று இருப்பதால் வருவதில்லை. அடியை வாங்குவது உள்ளே இருக்கும் தெர்மாகோல். அது நசுங்கும் நேரத்தில்தான் மூளையின் வேகம் தணிகிறது. ஒரு முறை நசுங்கினால் மீண்டு வராது. வெளி ஓட்டில் கீறல்கூடத் தெரியாமல் இருக்கலாம். கீழே விழுந்து அடிபட்ட ஹெல்மெட்டை மாற்றியே தீர வேண்டும். சாலையோரத்துத் தொப்பி ரகத்தில் இந்தத் தெர்மாகோலே இருக்காது, வெறும் ஸ்பாஞ்சும் துணியும்தான். 2021 ஜூன் 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாததை விற்கவே கூடாது. விற்பவரை விட்டுவிட்டு, அதைப் போட்டுப் போகிறவரைக் கையசைத்து அனுப்பும் அரசு, சுதந்திரத்தை வாங்கிக்கொண்டு பதிலுக்கு எதையும் தரவில்லை என்பேன்.

முகவாய்ப் பட்டையும் அப்படித்தான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆம் பிரிவு பட்டையைக் கட்டியிருக்க வேண்டும் என்றே சொல்கிறது. கட்டாமல் போனாலும் 1,000 ரூபாய் அபராதம் உண்டு. முகவாய்க்கும் பட்டைக்கும் இடையில் இரண்டு விரலுக்கு மேல் நுழையக் கூடாது. பட்டையைக் கட்டியபின் பின்பக்க விளிம்பைப் பிடித்து மேலே, முன்னால் தள்ளிப் பாருங்கள். கழன்று வந்தால் அது உங்கள் அளவு இல்லை.