சிகிச்சைக்காகச் சிறைக்கு அனுப்பலாமா?

நண்பர்களே, அமெரிக்கக் கூட்டரசின் குற்ற வழக்குகளில் பரோல் முறையை 1984-ஆம் ஆண்டுத் தண்டனைச் சீர்திருத்தச் சட்டம் ஒழித்தது. அந்த இடத்துக்கு வந்தது கண்காணிப்பு விடுதலை. பரோல் கிடைத்தால் சிறையில் இருக்கும் காலம் குறையும். இதில் அப்படி இல்லை. சிறைவாசம் முடிந்த பிறகும் சில ஆண்டுகள் நன்னடத்தை அலுவலரின் பார்வையில் வாழ வேண்டும். வேலை தேட வேண்டும், போதைப் பரிசோதனைக்கு வர வேண்டும், அனுமதி வாங்காமல் ஊரைவிட்டுப் போகக் கூடாது. வெளியே வருபவர் மறுபடி காலூன்ற உதவுவதுதான் இதன் நோக்கம் என்று உச்ச நீதிமன்றமே 2000-இல் சொன்னது.

சரி, நிபந்தனையை மீறினால்? நீதிபதி விடுதலையை ரத்து செய்து மறுபடி சிறைக்கு அனுப்பலாம். ஜூரி கிடையாது. சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கவும் தேவையில்லை. அப்போது சில நீதிபதிகள், "இவர் போதையிலிருந்து மீள வேண்டும், அதனால் நீண்ட காலம் உள்ளே இருக்கட்டும்" என்று நினைக்கிறார்கள். நல்லெண்ணம்தான். ஆனால் அந்த நல்லெண்ணம் ஒருவருடைய வாழ்நாளில் சில மாதங்களை எடுத்துக்கொள்கிறது. எனக்கு இதில் உடன்பாடே இல்லை.

டாபியா வழக்கைப் பாருங்கள். அது விடுதலை மீறல் வழக்கு அல்ல, முதல் தண்டனை பற்றியது. 500 மணிநேரப் போதை மீட்புப் பயிற்சியில் சேர வசதியாக இருக்கும் என்று சொல்லி, நீதிபதி டாபியா என்ற பெண்ணுக்கு 51 மாதச் சிறை விதித்தார். நடந்தது என்ன? பயிற்சியில் அவர் சேர்க்கப்படவில்லை. நீதிபதி பரிந்துரைத்த சிறைக்குக்கூட அவரை அனுப்பவில்லை. கைதியை எங்கே வைப்பது, எதில் சேர்ப்பது என்பதெல்லாம் சிறைத்துறையின் கையில். நீதிமன்றம் பரிந்துரைக்கத்தான் முடியும். 2011-இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக, மறுவாழ்வைக் காரணம் காட்டிச் சிறைத்தண்டனை விதிக்கவோ நீட்டவோ கூடாது என்றது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி எலேனா கேகன். கண்காணிப்பு விடுதலையை ரத்து செய்யும்போதும் இதே விதிதான் என்று பல மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்டன.

அப்புறம் 2025 ஜூனில் எஸ்டெராஸ் என்ற வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு வந்தது. பழைய குற்றத்துக்குப் பழிதீர்க்கும் நோக்கத்தோடு விடுதலையை ரத்து செய்யக் கூடாது என்று ஏழு நீதிபதிகள் சொன்னார்கள், இருவர் மறுத்தார்கள். இந்தக் கட்டத்தில் நீதிபதி பார்க்க வேண்டியவை என்று சட்டம் தரும் பட்டியலில் பழிதீர்ப்பு இல்லை. குற்றத் தடுப்பு, மக்கள் பாதுகாப்பு ஆகியவற்றோடு மறுவாழ்வும் இருக்கிறது. சிறையை நீட்டத்தான் அதைப் பயன்படுத்தக் கூடாது. அப்படியானால், ஒருவரை வெளியிலேயே வைத்துத் திருத்தப் பார்ப்பதற்கு அது காரணமாகட்டும் என்பதுதான் என் வாதம்.

இதற்கு வழியும் சட்டத்திலேயே உண்டு. ஓராண்டில் மூன்று முறைக்கு மேல் போதைப் பரிசோதனையில் சிக்கினால் விடுதலையைக் கட்டாயம் ரத்து செய்ய வேண்டும் என்கிறது ஒரு பிரிவு. ஆனால் பரிசோதனையில் தவறியவருக்குச் சிகிச்சை பொருந்துமா என்று பார்த்து, அந்தக் கட்டாயத்திலிருந்து விலக்குத் தரவும் நீதிபதிக்கு அதிகாரம் இருக்கிறது. போதைக்கு அடிமையானவர் மறுபடி சறுக்குவது நோயின் இயல்பு. அவருக்காக வாதாடும் வழக்கறிஞர் முதலில் கேட்க வேண்டியது அந்த விலக்கைத்தான். கையில் ஒரு சிகிச்சை மையத்தின் சேர்க்கைக் கடிதத்தோடு போய்க் கேட்க வேண்டும்.