மீத்தேன்னு ஒரு வார்த்தை சொன்னேன், ஊரே கூடிருச்சு

(கூட்டத்துல பேசினதை கிட்டத்தட்ட அப்படியே டைப் பண்ணிருக்கேன். நீளமா இருந்தா பொறுத்துக்குங்க, மைக் கையில கிடைச்சா நான் இப்படித்தான்.)

எல்லாருக்கும் வணக்கம். தலைமை தாங்குற பேரூராட்சித் தலைவர் அண்ணன் அவர்களுக்கும், நாலு மணி கூட்டத்துக்கு மூணேமுக்காலுக்கே வந்து உக்காந்த வேளாண் உதவி இயக்குநர் அம்மா அவர்களுக்கும், நீர்வளத் துறை பொறியாளர் சார் அவர்களுக்கும் (சார், கடைசில உங்ககிட்டதான் வரேன், டீ குடிச்சிட்டு கிளம்பிடாதீங்க), பால் சங்கத் தலைவர், செயலாளர், இப்பதான் வந்து சேர்ந்த முன்னாள் தலைவர் ஐயா, அவருக்கு நாற்காலி கொடுத்துட்டு நிக்கிற தம்பி, பந்தல் போட்டவங்க எல்லாருக்கும் வணக்கம். யார் பேராவது விட்டுப்போயிருந்தா கோச்சுக்காதீங்க, சீட்டுல எழுதிக் கொடுத்தது இவ்வளவுதான்.

மாடு, நெல், உரம்னு மூணைப் பத்தியும் பேசுவேன்னு நோட்டீஸ்ல போட்டிருக்காங்க. நம்ம நாட்டு விவசாயத்துலேருந்து பூமியைச் சூடாக்குற பசுமை இல்ல வாயு எவ்வளவு போகுதுன்னு அரசாங்கமே கணக்கெடுத்து ஐநாவுக்கு அனுப்புது. 1994 கணக்குல நாடு மொத்தமா விட்டது சுமார் 123 கோடி டன், கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமா மாத்திச் சொல்ற கணக்கு இது. அதுல விவசாயம் 34 கோடி டன்னுக்குக் கொஞ்சம் மேல, நூத்துக்கு 28. 2000ல பங்கு 23 ஆச்சு. 2020ல 14 கூட இல்ல, 13.72. ஆஹா பாதியா கொறைஞ்சிருச்சேன்னு கை தட்டிடாதீங்க. அந்த 2020ல நாட்டோட மொத்தம் 296 கோடி டன், அதுல 13.72ன்னா நாப்பது கோடி டன்னைத் தாண்டுது. தம்பி துபாய் போயி சம்பாதிச்சா வீட்டு வருமானத்துல அண்ணன் பங்கு கொறையும், அதுக்காக அண்ணன் சம்பளம் கொறைஞ்சதாவா அர்த்தம்? இங்க துபாய் போன தம்பி நிலக்கரி கரண்டு, லாரி, சிமெண்ட். கணக்குப் போடுற முறையும் நடுவுல மாறிக்கிட்டேதான் வந்துருக்கு, அதனால டன்னுக்கு டன் ஒப்பிட்டு சண்டை போட வேணாம். ஆனா கொறையலங்கிறது நிச்சயம்.

இந்த விவசாயக் கணக்குல பாதிக்கு மேல மாடு, எருமை, ஆடு அசைபோட்டு விடுற மீத்தேன். எல்லாரும் பின்பக்கம்னு நினைச்சு சிரிக்கிறாங்க, பெரும்பகுதி வாய் வழியா ஏப்பமாத்தான் வருது. 2019 கணக்கெடுப்புல மாடும் எருமையும் மட்டும் 30 கோடி. 1950-51ல 1.7 கோடி டன்னா இருந்த பால் இப்ப 23 கோடி டன்னைத் தாண்டிருச்சு, ஆக ஒரு லிட்டர் பாலுக்கு இவ்வளவு மீத்தேன்னு பாத்தா நல்லாவே கொறைஞ்சிருக்கு. பால் சங்கத் தலைவர் முகம் இப்பதான் மலருது. மாட்டை இதோட விடுறேன், தீவனம் பத்தி அப்புறம் சொல்றேன்.

நெல்லுக்கு வாங்க, என் வியாதியே அதான். வயல்ல தண்ணி கட்டியே கிடந்தா மண்ணுக்குள்ள காத்து போகாது, காத்து இல்லாத இடத்துல வாழுற நுண்ணுயிரி மீத்தேனை உண்டாக்கும், அது நெல் பயிரோட தண்டு வழியாவே மேல ஏறி வெளிய போகும். நடுநடுவுல காய விட்டா இது கணிசமா கொறையும், பாதி வரைக்கும்கூட. காய்ச்சலும் பாய்ச்சலும்னு நம்ம தாத்தாங்க சொன்னது இதைத்தான்.

நாலு வருஷம் முன்னாடி சம்பாவுக்கு என் மச்சான் வயல்ல ஒரு பிவிசி குழாய் நட்டேன். ஒரு அடி நீளம், சுத்தி ஓட்டை போட்டு பாதியை மண்ணுக்குள்ள எறக்கணும். குழாய்க்குள்ள தண்ணி மண் மட்டத்துக்கு 15 சென்டிமீட்டர் கீழ போனா மறுபடி பாய்ச்சலாம். பிலிப்பைன்ஸ்ல இருக்குற நெல் ஆராய்ச்சி நிலையம் பரப்பின முறை, பெரிய ரகசியம் ஒண்ணுமில்ல. வரப்புல போன தாத்தா ஒருத்தர் "என்னடா குழாய்?"ன்னாரு. நான் படிச்ச திமிர்ல "மீத்தேனுக்குத் தாத்தா"ன்னுட்டேன். போச்சு! மன்னார்குடிப் பக்கம் பூமிக்கடியிலேருந்து மீத்தேன் எடுக்குற திட்டம்னு நாம பட்ட பாடு கொஞ்சமா? 2020ல டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம்னு சட்டம் போட்ட பிறகும் அந்த வார்த்தைக்கு இங்க அடிவயிறு கலங்கும். கால் மணி நேரத்துல முப்பது பேரு, ரெண்டு மம்பட்டி, ஒரு அக்கா விளக்குமாறோட. "கம்பெனிக்காரனை உள்ள விட்டுட்டியா"ன்னு என் மச்சானையே புடிச்சு உலுக்குறாங்க, அவன் "மாமா, ஏதாவது சொல்லித் தொலைங்க"ன்னு கத்துறான், நான் நுண்ணுயிரிங்கிறேன், அந்த அக்கா "எந்த ஊரு கம்பெனி அது"ங்கிறாங்க. கடைசில எடுக்க வரல, போகாம தடுக்கத்தான் வந்தேன்னு புரிய வைக்கிறதுக்குள்ள இருட்டிருச்சு. அந்தத் தாத்தா குழாய்க்குள்ள எட்டிப் பாத்துட்டு சொன்னாரு: "காய்ச்சலும் பாய்ச்சலும்தானே, இதுக்கு எதுக்குடா குழாய், காலை வச்சா தெரியாதா?"

தெரியும்தான். அப்புறம் ஏன் யாரும் காய விடல? இதையும் அவர்கிட்டயே கேட்டேன். "இன்னைக்குக் காயப் போட்டா நாளான்னைக்கு வாய்க்கால்ல தண்ணி வரும்னு யாரு எழுதிக் கொடுப்பா?"ன்னாரு. எனக்கு அதுக்கு மேல பேச்சு வரல. தண்ணி வர்றப்பவே கட்டி வச்சுக்கிறவன் பேராசைக்காரன் இல்லீங்க, பயந்தவன். மோட்டார் வச்சிருக்குறவருக்குக் கரண்டு இலவசம், அவரு காய விடுறதுக்கு வேற காரணம் வேணும், அந்தக் கதைக்கு இப்ப போகல. காய விட்டா நைட்ரஸ் ஆக்சைடுன்னு இன்னொரு பசுமை இல்ல வாயு கொஞ்சம் கூடும்னு உதவி இயக்குநர் அம்மா பாக்குறது புரியுது, உண்மைதான், யூரியாவை அளந்து போட்டா சமாளிக்கலாம், மொத்தத்துல லாபம்தான். பூக்குற சமயத்துல மட்டும் காய விடக்கூடாது.

அதனால பொறியாளர் சார், கேக்குறது இவ்வளவுதான். மேட்டூர் ஜூன் 12ல திறந்தாலும் சரி, தள்ளிப் போனாலும் சரி, முறை வைக்கும்போது எந்த வாய்க்காலுக்கு எந்தத் தேதி, எத்தனை நாள் தண்ணின்னு முன்கூட்டியே ஊராட்சி போர்டுல ஒட்டுங்க, மாறினா போன்ல மெசேஜ் விடுங்க. தேதி தெரிஞ்சா காய்ச்சலை நாங்க பாத்துக்குறோம், பாய்ச்சல் உங்க கையில.

தலைவர் மணி அடிக்கிறாரு. உரம் பேசவே இல்லயே, மாட்டுத் தீவனமும் பாக்கி, சரி அடுத்த கூட்டத்துல. மனு பின்னால மேஜைல இருக்கு, எல்லாரும் கையெழுத்து போட்டுட்டுப் போங்க. பேனாவை நூல் போட்டுக் கட்டி வச்சிருக்கேன், போன தடவை ரெண்டு பேனா போயிருச்சு.