ஒரே துறையில் இறங்கியவர்கள்

நேயர்களுக்கு வணக்கம். ஐப்பசி பிறந்துவிட்டால் மயிலாடுதுறையில் காவிரியின் துலாக்கட்டப் படித்துறையில் விடியுமுன்பே கூட்டம் சேர்ந்துவிடும். முன்பின் தெரியாதவர்கள் ஒரே படியில் நின்று துணி பிழிவார்கள். "பையைக் கொஞ்சம் பாத்துக்கங்கம்மா" என்று பக்கத்தில் நிற்பவரிடம் சொல்லிவிட்டு ஒரு பாட்டி தண்ணீரில் இறங்குவார். பெயரும் கேட்கமாட்டார், ஊரும் கேட்கமாட்டார். ஒரே துறைக்கு வந்தவர்கள், அது போதும்.

இன்று நான் எடுத்துக்கொண்ட வடசொல்லும் ஆற்றங்கரையில் பிறந்ததுதான். சதீர்த்தியர். 'ச' என்றால் இங்கே 'ஒரே'. தீர்த்தம் என்றதும் கோயிலில் உள்ளங்கையில் வாங்கும் நீர்தான் நமக்கு நினைவு வரும். ஆனால் அதன் வேருக்குக் கடத்தல் என்று பொருள். ஆற்றில் இறங்கவும் அக்கரை போகவும் தோதான இடமே தீர்த்தம். நம்மைக் கடத்திவிடுகிற ஆசிரியருக்கும் பிறகு அதுவே பெயராயிற்று. ஆக, ஒரே ஆசிரியரிடம் பாடம் கேட்டவர்கள் சதீர்த்தியர். வடமொழிக்கு இலக்கணம் செய்த பாணினி இந்தச் சொல்லுக்கென்றே ஒரு சூத்திரம் செய்திருக்கிறார். ஒரே வீட்டில் பிறக்காத சகோதரர்கள் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

தமிழிலும் இதே கதைதான். படித்துறையும் துறை, படிக்கிற துறையும் துறை. முற்றக் கற்றவரைத் துறைபோகியவர் என்கிறோம். கூடப் படித்தவர் ஒருசாலை மாணாக்கர். நூலுக்குச் சிறப்புப் பாயிரம், அதாவது பாராட்டு முன்னுரை, தரத் தகுந்தவர்களில் 'தன்னொடு கற்றோன்' என்று நன்னூல் அவரையும் சேர்க்கிறது. தொல்காப்பியத்துக்குப் பாயிரம் தந்த பனம்பாரனார் அப்படிப்பட்டவர் என்பது மரபு. கூடப் படித்தவனின் புத்தகத்தை மனதாரப் பாராட்டுவது எத்தனை கஷ்டம் என்பது எழுதுகிறவர்களுக்குத்தான் தெரியும்! சரி, அது போகட்டும்.

குத்தாலத்துக்குப் பக்கத்தில் திருவாவடுதுறை. அந்தப் பெயரிலேயே துறை இருக்கிறது. அங்கே சைவ மடத்தில் ஆதீன வித்துவானாக இருந்தவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. உத்தமதானபுரத்து சாமிநாதையர் அவரிடம் பாடம் கேட்டார். சவேரிநாத பிள்ளை என்ற கிறிஸ்தவரும் கேட்டார். ஒருவர் ஸ்மார்த்த அந்தணர், ஒருவர் சிலுவையை வணங்குகிறவர், ஆசிரியரோ பழுத்த சைவர். சதீர்த்தியர் என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல உரை எந்த அகராதியிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

1876-இல், பிப்ரவரி முதல் நாள் இரவு, ஆசிரியருக்கு முடிவு நெருங்கியது. திருவாசகம் படிக்கச் சொன்னார். சவேரிநாத பிள்ளை அவரைத் தம் மார்பில் சாய்த்துத் தாங்கிக்கொண்டார். சாமிநாதையர் ஏட்டைப் பிரித்து அடைக்கலப்பத்தைப் படித்தார்.