எழுத்தை அழித்துவிட்டால் இந்தப் பலகை என்ன சொல்லும்? எல்எல்ஆர் தேர்வுக்குக் கிளம்பும் முன் பாருங்கள்

(திரையில்: எட்டுப் பக்கங்கள் கொண்ட சிவப்புப் பலகை. உள்ளே ஒன்றும் எழுதவில்லை.)

இதில் ஓர் எழுத்துகூட இல்லை. ஆனாலும் "நில்" என்று உங்கள் வாய் முணுமுணுத்திருக்கும். பலகையைப் பின்பக்கமாகத் திருப்பி வைத்தாலும் கண்டுபிடித்துவிடுவீர்கள், மேலே சேறு அப்பியிருந்தாலும் கண்டுபிடித்துவிடுவீர்கள். எப்படி என்பது புரிந்தால், பழகுநர் உரிமத் தேர்வுக்காகச் சின்னங்களை உருப்போடும் வேலை பெருமளவு குறையும்.

வணக்கம். சுவாரஸ்யம் இல்லாததை முதலில் முடித்துவிடலாம். அடையாளச் சான்றிலும் விண்ணப்பத்திலும் பெயர், பிறந்த தேதி எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். பதிவுச் சீட்டைக் கையில் வையுங்கள். கண்ணாடி போடுபவர்கள் கண்ணாடியோடு போங்கள். நேரத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே போய் உட்காருங்கள். அவ்வளவுதான், இனி நமக்குப் பிடித்த விஷயம்.

(திரையில்: பழைய கறுப்பு வெள்ளைத் தெரு.)

1915, அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரம். முதல் நிறுத்தப் பலகை அங்கேதான் வந்தது என்பார்கள். அது எட்டுப் பக்கமும் இல்லை, சிவப்பும் இல்லை. வெள்ளைத் தகட்டில் கறுப்பு எழுத்து, சாதாரணமான சதுரம்.

1923இல் நெடுஞ்சாலை அதிகாரிகள் சிலர் உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டார்கள். ஆபத்து கூடக் கூட, பலகையின் பக்கங்களும் கூட வேண்டும். வட்டத்துக்கு எண்ணிலடங்காத பக்கங்கள் என்று வைத்துக்கொண்டு, அதை ரயில்வே கிராசிங்குக்குக் கொடுத்தார்கள். அடுத்த இடம் எட்டுப் பக்கத்துக்கு: நில். வளைவு மாதிரியான எச்சரிக்கைக்கு நான்கு பக்கம்தான், ஆனால் மூலையில் நிற்கும் வைர வடிவம். வெறும் தகவல் என்றால் சாதாரணச் செவ்வகம். எனக்கு இந்தக் கணக்கு அவ்வளவு பிடித்திருக்கிறது! இருட்டில் எழுத்து தெரியாத காலத்தில், வண்டி விளக்கு விழும்போது வடிவம் மட்டுமாவது தெரிய வேண்டும் என்று யோசித்திருக்கிறார்கள்.

நிறம்? அது மஞ்சளாகத்தான் இருந்தது. வெயிலில் வெளுக்காத சிவப்பு அப்போது கிடைக்கவில்லை. 1954இல்தான் அங்கே சிவப்பு விதியானது.

இன்னும் ஒன்று சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. நியூயார்க் நகரத்துக்குப் போக்குவரத்து விதிகளை எழுதிக் கொடுத்த வில்லியம் ஃபெல்ப்ஸ் ஈனோ, கார் ஓட்டக் கற்றுக்கொள்ளவே இல்லை என்று சொல்கிறார்கள். எல்எல்ஆர்கூட வாங்காதவர் எழுதியதைத்தான் ஊரே படித்துத் தேறியது!

அப்புறம், நாட்டுக்கு நாடு மாற்றமும் உண்டு. ஜப்பானில் நிறுத்தப் பலகை தலைகீழாக நிற்கும் சிவப்பு முக்கோணம். இஸ்ரேலில் எட்டுப் பக்கம்தான், ஆனால் எழுத்துக்குப் பதில் ஓர் உள்ளங்கை. படிக்கத் தெரியாதவருக்கும் புரியும், என்ன அழகான யோசனை பாருங்கள்.

சரி, தேர்வுக்கு வருவோம். 1968இல் வியன்னாவில் ஏற்பட்ட ஒப்பந்தத்தைப் பல நாடுகள் பின்பற்றுகின்றன. அதன் வழக்கம் பெரும்பாலும் இது: சிவப்பு ஓரமுள்ள முக்கோணம் எச்சரிக்கிறது, வட்டம் கட்டளையிடுகிறது, செவ்வகம் தகவல் சொல்கிறது. வட்டத்தில் சிவப்பு ஓரம் என்றால் "கூடாது", நீலப் பின்னணியில் வெள்ளை அம்பு என்றால் "இப்படித்தான்". தெரியாத சின்னம் வந்தாலும், வடிவத்தைப் பார்த்தே இரண்டு தவறான விடைகளைத் தள்ளிவிடலாம். ஆனால் அமெரிக்காவில் எச்சரிக்கை மஞ்சள் வைரமாக வரும். அதனால் நீங்கள் எழுதப்போகும் இடத்தின் அதிகாரப்பூர்வக் கையேட்டைத்தான் படிக்க வேண்டும், என் வீடியோவை மட்டும் நம்பாதீர்கள். லைக் மட்டும் போட்டுவிடுங்கள், அதில் தப்பில்லை.

(திரையில்: நீல வட்டம், ஒரு சிவப்புக் கோடு. பக்கத்தில் அதே வட்டம், பெருக்கல் குறி மாதிரி இரண்டு கோடு.)

நான் கோட்டை விட்ட இடம் இது. ஒரு கோடு என்றால் வண்டியை நிறுத்திவிட்டுப் போகக் கூடாது. ஆளை இறக்கிவிட ஒரு நிமிடம் நிற்கலாம். இரண்டு கோடு என்றால் அதற்கும் அனுமதி இல்லை. தேர்வுத் திரையில் இரண்டையும் மாற்றிச் சொல்லிவிட்டு, வீடு வரும்வரை என்னையே திட்டிக்கொண்டு வந்தேன்.

நிறுத்தும் தூரம் பற்றிய கேள்வியும் இப்படித்தான் ஏமாற்றும். 30 கிலோமீட்டர் வேகம் 60 ஆனால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் இரண்டு மடங்கு என்று மனம் சொல்லும். நான்கு மடங்கு! வேகத்தின் வர்க்கத்தோடு அது வளரும். பிரேக்கை மிதிப்பதற்கு முன் நீங்கள் யோசிக்கும் ஒரு வினாடியில் 60இல் போகும் வண்டி கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடியிருக்கும்.

முந்தின நாள் இரவு மாதிரித் தேர்வை இரண்டு முறை போட்டுப் பாருங்கள். தவறிய கேள்விகளை மட்டும் ஒரு தாளில் எழுதிக் காலையில் பாருங்கள், மீதியைத் தொடவே வேண்டாம்.

(திரையில்: தலைகீழ் முக்கோணம், சிவப்பு ஓரம், நடுவில் வெறும் வெள்ளை.)

இது நிறுத்தப் பலகை இல்லை. பின்னே என்ன? கையேட்டைத் திறக்காமல் கமெண்டில் சொல்லுங்கள்.